"100% சிலிக்கோன்" என்று எழுதியிருந்தது, வந்தது வேறு: டர்பனில் வைப்ரேட்டர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாட்ஸ்ஆப் வழியாக விற்கும் ஒருவரிடம் 650 ராண்ட் கொடுத்து வாங்கிய பொருள்: வைப்ரேட்டர், அதாவது அந்தரங்க இன்பத்துக்கான அதிர்வுக் கருவி. விளம்பரத்தில் இருந்தவை: மருத்துவத் தர சிலிக்கோன், ஐபிஎக்ஸ்7 (தண்ணீர் புகாமைக்கான குறியீடு), சத்தமில்லாத மோட்டார், ஒரு வருட உத்தரவாதம். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடை வாசம் அடித்தது. மேற்பரப்பைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. பேட்டரி மூடியில் ரப்பர் வளையமே இல்லை. உத்தரவாத அட்டையில் விற்பவரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "இது உள்ளாடை மாதிரி, திரும்ப வாங்க மாட்டோம்" என்று ஒரே வரி பதில். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து பேச்சே இல்லை.

சேலையில் சாயம் போனால் கடைக்கே போய் நாலு பேர் முன்னால் கேட்போம். இந்தப் பொருள் கெட்டுப்போனால் வீட்டில்கூட வாய் திறக்க மாட்டோம். அந்த மௌனத்தை நம்பித்தான் இவர்கள் விற்கிறார்கள். ஆகவே பார்சல் கைக்கு வந்ததும், பயன்படுத்துவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். உறை பிரிப்பதிலிருந்தே போனில் வீடியோ எடுங்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடலாம்.

முதலில் மேற்பொருள். நல்ல சிலிக்கோனுக்கு வாசம் கிட்டத்தட்ட இருக்காது. நுண்துளை இல்லாததால் கழுவினால் சுத்தமாகும். ஏமாற்றுக்காரர்கள் அதன் இடத்தில் வைப்பவை இரண்டு. ஒன்று டிபிஇ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்: மென்மைக்காக எண்ணெய் கலந்தது, நுண்துளை உள்ளது, எத்தனை கழுவினாலும் கிருமி உள்ளே தங்கிவிடலாம். மற்றது மென்மையாக்கிய பிவிசி, "ஜெல்லி" என்று விற்கப்படுவது. அதை வளைய வைக்கப் பெரும்பாலும் தாலேட் வகை வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை, மெல்ல மெல்ல வெளியே கசியும். அந்தப் பிசுக்கு இப்படிக் கசியும் எண்ணெயாலோ வேதிப்பொருளாலோ வருவதுதான். சளிச்சவ்வில் படும் ஒரு பொருளில் இதை ஏற்கவே கூடாது.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி வெள்ளைக் காகிதம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பொருளைத் துடைக்காமல் அப்படியே காகிதத்தின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அது டிபிஇ அல்லது ஜெல்லி என்றே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஓரத்தில் 20 முறை தேயுங்கள். நிறம் துணியில் ஏறினாலோ மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ, அது கடினப் பிளாஸ்டிக்கின் மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் பூச்சாக இருக்கலாம். விளம்பரத்தில் "சிலிக்கோன் டச்", "சிலிக்கோன் ஃபினிஷ்" என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான். அது நாளடைவில் தோல்போல உரிந்துவரும். முறுக்கினால் வெள்ளையாகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் சமையல் பாத்திரத்துக்கானவை. இங்கே அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

நெருப்புச் சோதனை பற்றிப் பலர் கேட்பார்கள். சீவிய சிறு துணுக்கை எரித்தால் சிலிக்கோன் உருகிச் சொட்டாது, வெள்ளைச் சாம்பல் ஆகும். டிபிஇ உருகிக் கரும்புகையோடு சொட்டும். சுத்தமான செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினால், பிவிசியாக இருந்தால் சுடர் பச்சையாகும். அதிலுள்ள குளோரின்தான் காரணம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறீர்கள் என்றால் பொருளை வெட்டவோ சுடவோ கூடாது. பொருளை மாற்றியமைத்தால் சட்ட உத்தரவாதம் குறையும். காகிதக் கறையும் துணிச் சாயமும் படமெடுத்தால் போதும். நெருப்புச் சோதனை செய்தே தீர வேண்டுமென்றால், கேட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு, சன்னலைத் திறந்துவைத்து, பேட்டரி இல்லாமல் செய்யுங்கள். பிவிசிப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

அடுத்தது பேட்டரி அறை. கையில் கிடைத்த பொருளின் மோசமான பகுதி இதுவே. 2 ஏஏஏ பேட்டரி போடும் வகை, மொத்தம் 3 வோல்ட். ஸ்பிரிங் மேல் பூச்சு இல்லை. வயர் நுனியில் சால்டர் குமிழ் மட்டும், பிடிப்பு எதுவும் கிடையாது. மோட்டார் அதிர்வதால் அந்த இடம் நாளுக்கு நாள் தளர்ந்து, ஒரு நாள் விட்டுவிட்டு ஓடும், பிறகு நின்றுவிடும். "பேட்டரி மோசம்" என்று விற்பவர் சொல்வார். மூடியைத் திருகி இறுக்கும்போது மட்டும் ஓடி, லேசாகத் தட்டினால் நின்றால், குற்றம் பேட்டரியில் இல்லை, தொடர்பில்தான்.

டர்பனின் ஈரக் காற்றில் பூச்சில்லாத ஸ்பிரிங் சீக்கிரம் துருவேறும். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்: அழுத்தும் பொத்தான் உள்ள வகையில் அணைத்த பின்னும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், தீர்ந்த ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் அதன் காரம் தோலை அரிக்கும். கூடவே வரும் மலிவு கார்பன்-ஜிங்க் பேட்டரியைப் போடவே வேண்டாம், ஆல்கலைன் வாங்குங்கள். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்து 2.4, அதிர்வு தளர்ந்தால் அது மோசடி இல்லை. சின்ன "புல்லட்" வகைகளில் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் திருகாணி இல்லாத மூடியுள்ளதை வாங்கவே கூடாது. குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அந்த இடம் வெந்துவிடலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தண்ணீர் புகக் கூடாது. பேட்டரியை எடுத்துவிட்டு, அறைக்குள் மடித்த டிஷ்யூ காகிதம் ஒன்றை வைத்து, மூடியை இறுக்கி, வாளியில் 30 நிமிடம் முக்கிவையுங்கள். வாளி 1 மீட்டர் ஆழம் இருக்காது, அதிலேயே டிஷ்யூ நனைந்தால் வேறு சான்று தேவையில்லை. இந்தப் பொருளில் டிஷ்யூ சொட்டச் சொட்ட வெளியே வந்தது. ஐபிஎக்ஸ்4 என்று எழுதியிருந்தால் அது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும், முக்காதீர்கள்.

மோட்டாரைப் பற்றி அதிகம் இல்லை. "20 வகை அதிர்வு" என்பது சிப்பின் தாளம், பலமில்லை. 20 நிமிடம் ஓடவிட்டு மூடிப் பக்கத்தைத் தொடுங்கள். சூடு கையை உறுத்தினால் நிறுத்திவிடுங்கள்.

இனிப் பணம். "திரும்ப வாங்க மாட்டோம்" என்ற வரி பாதி உண்மை. வாங்கிய பின் மனம் மாறினால், தென்னாப்பிரிக்காவின் மின்வணிகச் சட்டம் (2002-இன் 25-ஆம் சட்டம்) தரும் 7 நாள் உரிமையை, பொருளின் தன்மை காரணமாக விற்பவர் மறுக்க முயலலாம். ஆனால் பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2008-இன் 68-ஆம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, கையில் வந்த 6 மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அனுப்பும் செலவும் அவர்களுடையதே. "நோ ரீஃபண்ட்" என்று எழுதி வைத்தால் அந்த உரிமை போய்விடாது. விற்பவர் தம் முழுப் பெயரையும் முகவரியையும் தராமல் இருந்தால், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி 14 நாளில் விற்பனையை ரத்து செய்யவும் வழி உண்டு.

எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். எழுதும்போது பொருளை எதற்கு வாங்கினீர்கள் என்று விளக்க வேண்டாம், "சிலிக்கோன் என விற்கப்பட்டது, சிலிக்கோன் இல்லை, ஐபிஎக்ஸ்7 என விற்கப்பட்டது, தண்ணீர் புகுகிறது" என்பது போதும். பதில் இல்லை என்றால் கன்சூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் இலவசமாகப் புகார் தரலாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள், காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்காதீர்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக இஎஃப்டி போட்டிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வாட்ஸ்ஆப் விற்பனையாளர்கள் அதையே கேட்பதற்குக் காரணமும் அதுதான். முகவரி இல்லாதவருக்கு இஎஃப்டி போடாதீர்கள்.

"மருத்துவத் தரம்" என்ற சொல்லை மட்டும் கண்டு நம்பாதீர்கள். எந்தச் சோதனை, எந்தத் தரம் என்று கேளுங்கள். இந்த வகைப் பொருள்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற தரம் 2021-இல் வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதும் கோபப்படும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

நல்லது கிடைத்தால்: முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு. மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்கக் கூடாது. உயவுக்குத் தண்ணீர் அடிப்படையில் செய்ததே சரி, சிலிக்கோன் எண்ணெய் சிலிக்கோன் மேற்பரப்பைக் கெடுக்கலாம். பருத்திப் பையில் தனியாக வையுங்கள். பக்கத்தில் ஜெல்லிப் பொருள் கிடந்தால் அதன் எண்ணெய் இதிலும் ஏறும். கெட்டது கிடைத்து, பணமும் திரும்பவில்லை என்றால், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரியைத் தனியே எடுத்துப் பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.