டகோட்டாவா, அவ்ரோவா?

வெள்ளவத்தை வீட்டில் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறந்த பழைய விமானங்களின் பேச்சு எழுந்தால் பெரியப்பா டகோட்டா (DC-3) பக்கம், மாமா அவ்ரோ (748) பக்கம். இலங்கையின் அந்தக்கால விமான நிறுவனம் எயார் சிலோன் 1947இல் டகோட்டாவோடுதான் தொடங்கியது. அவ்ரோ பிறகு வந்தது. சரி, விபத்துக் கணக்கு யார் பக்கம்?

வசதியில் போட்டியே இல்லை. டகோட்டா வால் சக்கரத்தில் குந்தி நிற்கும்; முன் இருக்கைக்குப் போவதென்றால் மேடேற வேண்டும். கேபினுக்குள் காற்றை அழுத்திவைக்கும் ஏற்பாடு கிடையாது, அதனால் தாழத்தான் பறக்கும். மேகத்துக்குள் மலையில் மோதியவை பல. அவ்ரோவுக்கு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின், அழுத்தம் உள்ள கேபின். இதில் மாமாவுக்கே வெற்றி.

ஆனால் இரண்டையும் ஒரே சாமான் வீழ்த்தியிருக்கிறது: கஸ்ட் லாக். விமானம் நிற்கும்போது வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகள் காற்றில் அடிபடாமல் பிடித்துவைக்கும் பூட்டு அது. 1977 டிசம்பர் 13, அமெரிக்காவின் எவான்ஸ்வில்: சுக்கானிலும் வலது இறக்கையிலும் பூட்டைக் கழற்றாமலே ஒரு டகோட்டா கிளம்பியது. பின்பக்கம் பாரமும் அதிகம். கூடைப்பந்து அணியோடு சேர்த்து 29 பேரும் போனார்கள். 1979 ஜூலை 31, ஸ்கொட்லாந்தின் சம்பரோ: ஓர் அவ்ரோவின் வால் பூட்டு தானாக மறுபடி விழுந்துகொண்டது. மூக்கு எழும்பவில்லை, ஓடுபாதை தாண்டிக் கடலுக்குள் போனது. 47 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

டகோட்டாவின் பூட்டு வெளியே மாட்டுவது, சுற்றி நடந்தால் கண்ணில் படும். அவ்ரோவின் பூட்டோ உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் கிளம்பும் வரை எனக்கு டகோட்டா; கிளம்பியபின் அவ்ரோ. 1998இல் ஸ்டான்ஸ்டெட்டில் ஓர் அவ்ரோவின் எஞ்சின் தரையை விட்ட கையோடு வெடித்துத் தீப்பிடித்தது. விமானி திரும்பத் தரையில் இறக்கிவிட்டார். உள்ளே லீட்ஸ் கால்பந்து அணி, எல்லோரும் பிழைத்தார்கள்.

1978 செப்டம்பர் 7 அன்று ரத்மலானையில் எரிந்த அவ்ரோவை இதில் சேர்க்கவில்லை. அது குண்டு, விமானத்தின் பிழை இல்லை.

போன மாதம் ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இருவரையும் கூட்டிப்போனேன். டகோட்டாவின் வாலடியில் பெரியப்பா நின்றுவிட்டார். "பார், எல்லாம் வெளியிலேயே தெரியுதுதானே."

"மழை மேகத்துக்கு மேல ஏறச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றார் மாமா.