வெரோபோர்ட் ஹெட்போன் அம்பிளிபயருக்கு 5532 ஆ, 4562 ஆ?

என்ஈ5532, எல்எம்4562 இரண்டும் ஒப்-அம்ப் ஐசிகள், அதாவது சின்னச் சைகையைப் பெருக்கும் சில்லுகள். இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றுதான். சொக்கெற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைச் செருகலாம். இரண்டு 9 வோல்ற் பற்றரியில் ஓடும் ஒரே வெரோபோர்டில் (செப்புக் கீலங்கள் ஒட்டிய துளைப் பலகை) இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, 5532 ஐ வைத்துக்கொண்டேன்.

தரவுத்தாளில் முன்னுக்கு நிற்பது 4562 தான். இரைச்சல் அதற்கு 2.7 நனோவோல்ற், 5532 க்கு 5. சரி, ஆனால் போனில் இருந்து வரும் பாட்டை 32 ஓம் ஹெட்போனில் கேட்கும்போது அந்த வித்தியாசம் என் காதுக்குப் பிடிபடவில்லை. விலையில் 5532 மலிவு, அது தெரிந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது அலைவு. 4562 இன் பட்டையகலம், அதாவது ஐசியின் வேகம், 55 மெகாஹேர்ட்ஸ், 5532 க்கு 10. ஐசி வேகமாக இருந்தால் வயரிங்கில் உள்ள சின்னக் குறையையும் பொறுக்காது. வெரோபோர்டின் நீண்ட செப்புக் கீலங்களும் ஹெட்போன் வயரும் கொள்ளளவிகளாக (கப்பாசிற்றர்) நின்று பின்னூட்டத்தை, அதாவது வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் சைகையை, பிந்த வைக்கும். அப்போது பாட்டே இல்லாமல் ஐசி தானாக அலையத் தொடங்கும். மெகாஹேர்ட்ஸ் அளவில் நடப்பதால் அது நேரே காதில் கேட்காது. ஐசி சுடும், பற்றரி சீக்கிரம் இறங்கும், வொலியூமை முழுக்கக் குறைத்தாலும் ஒரு சீறல் இருக்கும், வயரைத் தொட்டால் அந்தச் சீறல் மாறும். (அடப்டரில் மட்டும் வரும் ‘உம்’ சத்தம் வேறு கதை. பற்றரிக்கு மாற்றினால் அது போய்விடும்.)

ஒசிலோஸ்கோப் வீட்டில் வைத்திருப்பவர் மட்டக்களப்பில் எத்தனை பேர்? மல்ரிமீற்றரே போதும். பற்றரியோடு தொடராக மில்லியம்பியரில் வைத்து, பாட்டுப் போடாமல் அளவுங்கள். வழக்கமாக 5532 க்கு 8, 4562 க்கு 10 அளவில் காட்டும். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு காட்டினாலோ, ஹெட்போனைச் செருகியதும் எகிறினாலோ அலைவைச் சந்தேகியுங்கள்.

மருந்து இரண்டுக்கும் ஒன்றே. 8 ஆம், 4 ஆம் கால்களை ஒட்டியே 100 நனோபரட் செராமிக் கொள்ளளவி ஒவ்வொன்று கிரவுண்டுக்கு, வெளியீட்டில் தொடராக 47 ஓம், பின்னூட்டத் தடையிக்குக் குறுக்கே 22 பிக்கோபரட் கொள்ளளவி, அந்தத் தடையியின் கால்களும் கட்டை. இவ்வளவோடு 5532 அடங்கிவிட்டது. அதே போர்டில் 4562 இன் மின்னோட்டம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நல்ல பிசிபியில் (அச்சிட்ட சுற்றுப் பலகை) அது ஒழுங்காக நடக்கலாம், அதில் எனக்கு அனுபவம் குறைவு.

கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் சொக்கெற்றின் கால்களும் கறுத்துவிடும். தொடுகை தளர்ந்தாலும் கரகரப்பு வரும். 5532 மலிவு என்பதால் சொக்கெற் இல்லாமல் நேரே ஈயம் வைத்துவிடலாம், மனம் பதறாது.

5532 க்கும் ஒரு குறை உண்டு. உள்ளீட்டுக் கால் 200 நனோஅம்பியர் அளவில் இழுக்கும். உள்ளீட்டில் 100 கிலோஓம் போட்டால் 20 மில்லிவோல்ற் நேரோட்டம் சேரும். பெருக்கம் 10 என்றால் ஹெட்போனுக்குப் போவது 0.2 வோல்ற். 4562 இல் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உள்ளீட்டில் 10 கிலோஓம் பொட் (வொலியூம் திருகி) போட்டு, பெருக்கத்தை மூன்றுக்கு மேல் ஏற்றாமல் விடுங்கள். ஹெட்போனைச் செருகமுன் வெளியீட்டில் நேரோட்ட வோல்ற்றை ஒருக்கால் அளந்து பாருங்கள்.