பெயர் எழுதாத மாத்திரை உறையை வாங்கி வராதீர்கள்

நீரிழிவும் பிரஷரும் உள்ள முதியவர்களைத் தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிச் செல்லும் மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். என் அம்மாவுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது.

இடத்தின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை எழுதவும் மாட்டேன். மட்டக்களப்பு–கல்முனை வீதியோரம், எப்போதும் கூட்டம் நிரம்பி வழியும் ஓர் இடம். “அந்த வைத்தியரிடம் போனால் இரண்டு நாளில் வலி பறந்துவிடும்” என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி. நாங்கள் படுவான்கரை ஆட்கள். ஆற்றைக் கடந்துதான் வர வேண்டும்.

முதலில் இலக்கம் எடுக்கும் கதை. தொலைபேசியில் பேசிய பெண், “இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் இந்த நம்பருக்கு ஐந்நூறு ரூபா ரீலோட் போடுங்கள் அக்கா, பிறகு டொக்டரின் கட்டணத்தில் கழித்துவிடுவோம்” என்றார். போட்டேன். ஆறாம் இலக்கம் என்று சொன்னார். இரத்தம் எடுக்க வேண்டும், சாப்பிடாமல் வரச் சொன்னார்.

இருட்டோடு எழும்பி, மண்டூரில் ஆற்றைக் கடக்கும் முதல் பாதையை (மிதவைப் படகை)ப் பிடித்து, குருமண்வெளியில் இறங்கி, பஸ் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கொப்பியில் அம்மாவின் பெயரே இல்லை. “ரீலோட் வந்த நம்பர் எங்களுடையது இல்லை, முன்பு வேலை செய்த பிள்ளையின் நம்பர்” என்றார்கள். அதே நம்பர் வாசல் பலகையில் பெயின்டால் எழுதப்பட்டிருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். அதற்குப் பதில் இல்லை, “கடைசியாகப் பார்க்கலாம், இருங்கள்” என்பதுதான் பதில். வாங்கில் இருந்த இன்னும் சிலருக்கும் இதே கதைதான் என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. எல்லோரும் தூரத்து ஊர்க்காரர்கள், திரும்பிப் போய் இன்னொரு நாள் வர வழியில்லாதவர்கள். பக்கத்துக் கதவால் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள்.

வெயில் ஏற ஏற அம்மாவின் முகம் வெளிறியது. கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை பொத்துக்கொண்டு வந்தது. “கிளி, கண் இருட்டுகிறது” என்றார். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றில் நெடுநேரம் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம், சில வேளை உயிருக்கே ஆபத்து. வைத்தியம் பார்க்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? முன்னால் இருந்த பெண்ணிடம் சொன்னேன். “இரத்தம் எடுக்க முன்னர் எதுவும் கொடுக்கக்கூடாது” என்றுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் எதிர்க்கடைக்கு ஓடிப்போய்ச் சீனி போட்ட தேநீர் வாங்கி வந்து பருக்கினேன். இப்படி நடுக்கமும் வியர்வையும் வந்தால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள், இனிப்பாக எதையாவது உடனே கொடுங்கள். இரத்தப் பரிசோதனையை வேறொரு நாளில் செய்துகொள்ளலாம்.

உள்ளே போனபோது அம்மாவின் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது கூட்டினார்கள், எப்போது குறைத்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. வைத்தியர் அதைத் திறக்கவில்லை. முழங்காலை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், ஏதோ எழுதினார், நாங்கள் வெளியே அனுப்பப்பட்டோம். எழுதிய தாள் எங்கள் கைக்கு வரவில்லை. மருந்து கொடுக்கும் யன்னலுக்கு நேரே போனது.

யன்னலால் வந்தவை சின்னச் சின்னக் கடதாசி உறைகள். ஒவ்வொன்றின் மேலும் பேனையால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தது. மாத்திரையின் பெயர் இல்லை, அளவு இல்லை, நோயாளியின் பெயர்கூட இல்லை. “பெயரை எழுதித் தாருங்கள், இவருக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன” என்று கேட்டேன். “பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? வலி குறைகிறதா என்று பாருங்கள்” என்றார்கள். பில் கேட்டேன், “இங்கே கொடுப்பதில்லை.” பிறகு எடுத்த இரத்தத்தின் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டேன், “அது எங்கள் பைலில் இருக்கும்.” ரீலோட் காசு கழிக்கப்படவும் இல்லை.

வலி குறைந்தது என்பது உண்மை. அம்மா சந்தோஷமாக வளவில் நடமாடினார், பசி கூடியது, மாத்திரை முடியும்போது மறுபடி அங்கேயே போகச் சொன்னார். சில வாரங்களில் முகம் உப்பியது, இரவில் தாகமும் சிறுநீரும் அடங்கவில்லை, காலில் பட்ட சிறு கீறல் ஆறாமல் பழுத்தது. ஆஸ்பத்திரியில் சீனியைப் பார்த்தபோது உடனே வார்டில் அனுமதித்தார்கள்.

வார்டு வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, “வெளியே என்ன மருந்து எடுத்தார்?” என்பதுதான். மிஞ்சியிருந்த உறைகளைக் கட்டிலில் கொட்டினேன். தாதி ஒரு வெள்ளை மாத்திரையை விரலால் புரட்டிப் பார்த்தார், ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. ஸ்டீரொய்ட்டாக இருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகப்பட்டார். அது வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும், ஆனால் இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வாரக்கணக்கில் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அந்த மருந்துக்குப் பழகிய உடல் தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்திருக்கும், படிப்படியாகத்தான் விட வேண்டும். அம்மாவுக்குத் தொடர்ந்து கொடுப்பதா, நிறுத்துவதா, எந்த அளவில் இறக்குவது என்று எதுவும் தெரியாமல் அவர்கள் தடுமாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்தேன், டொக்டர் வேலையாக இருக்கிறார் என்றார்கள். தம்பி நேரில் போனான், பழைய கார்ட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளை மாத்திரை என்னவென்று இன்றுவரை எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு சொல் எழுதிக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

தனியாரிடம் போகவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அரச கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், அது எங்களுக்கும் தெரியும். இதே மாவட்டத்தில் மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, இல்லாதவரிடம் காசும் வாங்காமல் அனுப்பும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆகவே பெயர் எழுதுவது முடியாத காரியமல்ல. உறையில் எழுத மறுத்தால் மருந்துச் சிட்டையைக் கேளுங்கள், வெளிப் பார்மசியில் வாங்கலாம். அதையும் மறுக்கும் இடத்தில் மருந்து எடுக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். மிஞ்சிய மாத்திரைகளை உறையோடு வைத்திருங்கள். ஆள் மயங்கினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வைத்தியர் பதிவு செய்தவரா என்பதை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் வாங்கிவிட்டுப் பற்றுச்சீட்டு தராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். நான் என் முறைப்பாட்டைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் எழுத்தில் கொடுத்தேன். கல்முனைக்கும் அம்பாறைக்கும் தனித்தனிப் பணிமனைகள் இருக்கின்றன.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்சுலின் போடுகிறோம், கால் காயம் ஆறி வருகிறது. முறைப்பாட்டுக்கு என்னிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்று, ரீலோட் போனபோது வந்த குறுஞ்செய்தி. அதை வைத்துத்தான் பணிமனையில் என் கதையைக் கேட்டார்கள். உங்களில் யாராவது இப்படி இலக்கத்துக்காக ரீலோட் போட்டிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். திகதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பணிமனையில் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.