பையில் 750 என்று எழுதியிருந்தது

டெக்சஸ் பக்கம் படகு வைத்திருப்பவர்களும், பழைய வேக்போர்டு படகு ஒன்று வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். படகுக்கு பேலஸ்ட், அதாவது அலை பெரிதாக வருவதற்காக ஏற்றும் எடை, போட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஒரு கடையில் போன கோடையில் 3,400 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வேலையால் டிராவிஸ் ஏரி நடுவில் என் படகின் மூக்கு தண்ணீருக்குள் போனது. அப்போது மூக்குப் பக்க இருக்கையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கடையின் பெயரைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பணம் திரும்ப வந்தபோது, பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன்.

வேக்போர்டு என்பது படகு இழுக்க, பலகையில் கால்களை மாட்டிக்கொண்டு நின்று போவது. படகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்பும் அலையைத்தான் வேக் என்கிறோம். அதில் ஏறித்தான் குதிக்க வேண்டும். படகு எவ்வளவு ஆழமாக அமுங்குகிறதோ அவ்வளவு தண்ணீரைத் தள்ளும், அவ்வளவு பெரிய அலை வரும். அதனால்தான் படகுக்குள் வேண்டுமென்றே எடை ஏற்றுகிறார்கள். பின்னால் ஏற்றினால் அலை செங்குத்தாக நிற்கும். முன்னாலும் கொஞ்சம் ஏற்றினால் நீண்டு, சரிவாக, ஏறுவதற்கு வாகாக வரும். ஒரு காலத்தில் நண்பர்களை நிறைய ஏற்றிக்கொண்டு போவார்களாம். இப்போது தடித்த பைகளில் ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து நிரப்பி, வேலை முடிந்ததும் ஏரியிலேயே விட்டுவிடுகிறோம். எளிமையான, அழகான ஏற்பாடு. அதிலும் திருட இடம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

என்னுடையது 21 அடி வி-டிரைவ், அதாவது எஞ்சின் பின்கோடியில் இருக்கும் வகை, 2006 மாடல். மகளுக்குப் பதினாலு வயது, இரண்டு வருடமாக வேக்போர்டு ஓட்டுகிறாள். "அப்பா, நம்ம படகுல வேக்கே இல்ல, வாய்க்கால்ல போற மாதிரி இருக்கு" என்று வாரம் ஒருமுறை சொல்வாள். சரி என்று விசாரித்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார். அவர் அங்கே ஆயில் மாற்றியதோடு சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். தலா 750 பவுண்டு கொள்ளும் பை மூன்று: பின்பக்கப் பெட்டிகள் இரண்டிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மொத்தம் 2,250 பவுண்டு, அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல். பையொன்றுக்கு ஒரு பம்ப், படகின் அடியில் துளையிட்டுப் பித்தளை வால்வ், புது ஸ்விட்ச், ஒயரிங் எல்லாம் சேர்த்து 3,400. கேஷாகக் கொடுத்தால் வரி இல்லை என்றார். கொடுத்தேன். கார்டில் கொடுத்திருந்தால் பேங்கிடம் சொல்லிப் பணத்தை நிறுத்தியிருக்கலாம். நான் மிச்சம் பிடித்தது முந்நூறு டாலருக்கும் குறைவு.

படகை எடுத்துவரப் போன அன்றே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டிரெய்லரை மாட்டியதும் என் பிக்கப் டிரக்கின் பின்பக்கம் வழக்கத்தைவிட அமுங்கியது. கேட்டேன். "பம்ப், பை, ஹோஸ் எல்லாம் எடைதானே சார்" என்கிற தோரணையில் சிரித்தார். காலிப் பையும் மூன்று பம்பும் சேர்ந்து எத்தனை கிலோ வந்துவிடும்? யோசித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை.

முதல் நாள் ஏரியில் எல்லோருக்கும் சந்தோஷம். அலை உண்மையிலேயே பெரிதாக வந்தது. பைகள் நாலு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனதுமே கல்லு மாதிரி நிரம்பிவிட்டன. என்ன வேகமான பம்ப் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த நாலு நிமிடம்தான் முழுக் கதையும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது தடவை போனபோது நடந்தது இது. ஜூலை மாதச் சனிக்கிழமை, பிற்பகல், ஏரி முழுக்கப் படகுகள். நாங்கள் நான்கு பேர், நண்பர் குடும்பம் மூன்று பேர். மகள் விழுந்தாள். அவளை எடுக்க வேகத்தைக் குறைத்துப் படகைத் திருப்பினேன். நாங்களே கிளப்பிய அலை எதிரே வந்தது. சாதாரணமாக மூக்கு அதன்மேல் ஏறி இறங்கும். அன்று ஏறவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கம் அணியம் என்பார்கள், அந்த அணியம் அப்படியே அலைக்குள் நுழைந்தது. ஒரு தண்ணீர்ச் சுவர் எழும்பி முன்னிருக்கையில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இடுப்புவரை தண்ணீரில். கண்ணாடிக் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் கணுக்காலைத் தாண்டியது. மனைவி "ஏங்க... ஏங்க..." என்றதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை அவளுக்கு.

பிள்ளைகளைப் பின்னால் ஓடிவரச் சொன்னேன். அவர்கள் வந்ததும் மூக்கு கொஞ்சம் மேலே எழுந்தது. இரண்டாவது அலை அடியில் போய்விட்டது. பைகளைக் காலி செய்ய ஸ்விட்சுகளைத் தட்டினேன். இரண்டு பம்ப் ஓடின, மூன்றாவது செத்துக் கிடந்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். இங்கே பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓடும் படகில் கட்டாயம் போட வேண்டும், பெரியவர்களை நான் நச்சரித்துப் போடவைப்பேன். மகளை நண்பர் கைகொடுத்து ஏற்றினார். மெதுவாக, மிக மெதுவாக, மேன்ஸ்ஃபீல்டு அணைக்கட்டுப் பக்க இறங்குதுறைக்குத் திரும்பினோம். வீடு வரை யாரும் பேசவில்லை.

2014-ல் ஜார்ஜியா மாநிலத்து பர்ட்டன் ஏரியில் இதே மாதிரி மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி, ஒரு ஏழு வயதுப் பையன் இறந்துபோனான். பெரிய வழக்காக நடந்தது. அன்று இரவு அதைத் தேடிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

அடுத்த நாள் காலை படகை டிரைவ்வேயில் நிறுத்தி அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். என் கேள்வி ஒன்றுதான்: எடையெல்லாம் பின்னாலும் நடுவிலும் என்றால் மூக்கு ஏன் அமுங்கியது? முன்னிருக்கை மெத்தையைத் தூக்கினேன். கீழே இருந்த மூடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். முன்பு அங்கே திருகாணி கிடையாது. கழற்றினேன். உள்ளே கறுப்புக் குப்பைப் பைகள். ஒன்றைக் கிழித்தால் மணல். ஹார்டுவேர் கடையில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று விற்கும் மணல், 50 பவுண்டு மூட்டை, விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. எண்ணினேன், எட்டு. நனைந்து, பாசி வாடை வீசியது. 400 பவுண்டு மணலை மூக்கில் வைத்துக்கொண்டு நான் ஏரியிலும் நெடுஞ்சாலையிலும் சுற்றியிருக்கிறேன். டிரக் அமுங்கியதற்குக் காரணம் கிடைத்தது.

மணல் எதற்கு? பைகளை அளந்தபோது புரிந்தது. மூன்றிலும் மார்க்கர் பேனாவால் 750 என்று கொட்டையாக எழுதியிருந்தது. பக்கத்தில் கம்பெனி லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத்தடம். தோட்டத்துக் குழாயில் ஒரு பையை நிரப்பி டேப் வைத்தேன். நீளம் 42 அங்குலம், அகலமும் உயரமும் 16. மூன்றையும் பெருக்கி 231-ஆல் வகுத்தால் கேலன் வரும், 46 சொச்சம். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. ஆக மொத்தம் 388. இது 400 பவுண்டுப் பை. 750 பவுண்டுப் பை ஏறக்குறைய 50-க்கு 20-க்கு 20 இருக்கும். மூன்று பையிலும் சேர்த்து 1,200-கூட இல்லை. அலை சிறிதாக இருந்தால் நான் கேள்வி கேட்பேன் அல்லவா, அதற்குத்தான் எனக்குத் தெரியாமல் மணல். நாற்பது டாலர் செலவில் ஆயிரம் பவுண்டு பற்றாக்குறையை மறைத்துவிட்டார்.

அந்த நாலு நிமிடத்துக்கு வருவோம். பம்பின்மேல் மணிக்கு 800 கேலன் என்று போட்டிருந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 111 பவுண்டு. 750 நிரம்ப ஏழு நிமிடம் ஆக வேண்டும். ஹோஸின் நீளம், ஏற்றம், வளைவு எல்லாம் சேர்த்தால் அதற்கும் மேலே. நாலு நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் அது 400 பவுண்டுப் பை. கையில் போனும் அதில் ஸ்டாப்வாட்சும் இருந்தும் பம்ப் வேகம் என்று பெருமைப்பட்டவன் நான். உங்கள் படகில் வேலை முடித்துத் தந்தால் கடை வாசலிலேயே ஒரு பையை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள், மணி பாருங்கள், டேப் வையுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

மற்ற வேலையும் அதே லட்சணம். பித்தளை வால்வ் என்று பில்லில் இருந்தது, அடியில் மாட்டியிருந்தது பிளாஸ்டிக் முனை. மூடித் திறக்க வால்வே இல்லை. அந்த ஹோஸ் பிய்ந்தால் ஏரி நேராகப் படகுக்குள் வரும். ஹோஸை ஓரிடத்தில் உயரமாக வளைத்து, உச்சியில் காற்றுப் போக ஒரு துளை வைக்க வேண்டும். இல்லையென்றால் பம்பை நிறுத்தினாலும் தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு ஏறும், இறங்கும். அது கிடையாது. ஒவ்வொரு தடவையும் படகுக்குள் அடித்தளத்தில் ஏன் தண்ணீர் நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது. ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிய ஒயரை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருந்தார்கள். செத்த பம்பின் ஒயர் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாகி, உறை இளகியிருந்தது. அது போவது எஞ்சின் அறை வழியாக, பெட்ரோல் ஆவி நிற்கிற இடம். மூக்கு முங்கியதைவிட இந்தப் பழுப்பு ஒயர்தான் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்னொன்று. "பையை முழுசாகக் காலி பண்ண வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அடுத்த தடவை சீக்கிரம் நிரம்பும்" என்று யோசனை வேறு சொல்லி அனுப்பினார். ஜீப்ரா மஸ்ஸல் என்கிற சின்னச் சிப்பி டெக்சஸில் 2009-ல் டெக்ஸோமா ஏரியில் முதலில் வந்தது, டிராவிஸுக்கு 2017-ல். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, தேங்கிய தண்ணீரில் சவாரி செய்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகில் இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது 2014-லிருந்து மாநிலம் முழுக்கச் சட்டம். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அபராதமும் சேர்ந்திருக்கும்.

இனி என் தப்பு. ஓட்டுநர் இருக்கை அருகே படகுக் கம்பெனி ஒரு தகடு அடித்திருக்கிறது: 11 பேர் அல்லது 1,600 பவுண்டு. அன்று எங்கள் ஏழு பேர் எடையே 900-க்கு மேல். பைகளும் மணலும் சேர்த்தால் 2,500. அவர் நேர்மையாக நடந்து, சொன்ன 2,250-ஐயும் ஏற்றியிருந்தால் 3,150 ஆகியிருக்கும், தகட்டில் உள்ளதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது அவர் விற்ற திட்டமே தப்பு. தகட்டைப் பார்க்காமல் அதை விற்றார், தகட்டைப் பார்க்காமல் நான் வாங்கினேன். நாள்தோறும் கண்ணெதிரே இருந்த தகடு அது. தகட்டுக் கணக்கில் பேலஸ்ட் சேராது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் ஏரிக்குப் போகமாட்டேன்.

பணத்துக்கு அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் முதலில் சிரித்தார், பிறகு எடுக்கவில்லை. படங்கள், அளவுகள், பில் நகல் எல்லாம் வைத்து, ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, 60 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஐம்பத்தைந்தாவது நாள் கூப்பிட்டார். பேரம் பேசி 1,500 வந்தது. இங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 டாலர் வரை நாமே போடலாம், போட்டிருந்தால் முழுசாக வந்திருக்குமோ என்னவோ. எனக்குச் சலித்துவிட்டது.

இப்போது வேறொரு மெக்கானிக் அந்த ஓட்டைகளைச் சரிசெய்து, அந்த மூன்று 400 பவுண்டுப் பைகளில் இரண்டைப் பின்னால் மட்டும் முறையாக வைத்துக் கொடுத்திருக்கிறார். ஏழு பேர் ஏறினால் பைகள் காலி. மூன்று பேர் மட்டும் போகும்போதுதான் நிரப்புகிறோம். அலை நடுத்தரம். "வாய்க்கால் இல்ல, ஆறு" என்கிறாள் மகள்.

மணல் மூட்டைகள் கராஜில் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் கலந்தேன், இன்னும் ஏழு இருக்கின்றன. ஆஸ்டின் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.