நிலச்சொத்து மாஸ்டர்ஸ் என்று 12,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டி ஏமாந்தேன்: கோலாலம்பூரில் சேரப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் படிக்கவும்

எட்டு வருஷமாக செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் வீடு விற்றுக் கொடுக்கும் நெகோஷியேட்டர் நான். வீடு பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். என் கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையின் க்யூஆர் கோட்டை உங்கள் போனில் ஸ்கேன் செய்து, நான் பதிவான ஆள்தானா என்று பாருங்கள். அப்புறம், முன்பணத்தை என் கணக்கில் போடாதீர்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் போடுங்கள்.

இதே நான்தான், எந்த அட்டையும் காட்டாத ஒருவரின் சொந்தக் கணக்கில் 1,800 வெள்ளியை பேங்க்-இன் செய்துவிட்டு, ரெசிட்டுக்காக மூன்று நாள் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் வேண்டிய மட்டும் சிரித்துவிட்டார்.

இந்த வயதில் மாஸ்டர்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். நெகோஷியேட்டர் ஆவதற்கு இரண்டு நாள் வகுப்பு போதும். வேல்யுவர், அதாவது சொத்து மதிப்பீட்டாளர், ஆவது அப்படியில்லை. மதிப்பீட்டாளர்களுக்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டம் வேண்டும். பயிற்சி மதிப்பீட்டாளராகப் பதிந்து, பதிவு பெற்ற ஒருவரின் கீழ் குறைந்தது இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தகுதித் தேர்வு. அதையும் தாண்டினால்தான் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். வெயிலில் ஏறி இறங்கி வீடு காட்டுவது 40 வயதுக்கு மேல் முடியாது என்று முழங்கால் சொல்ல ஆரம்பித்திருந்தது. என் முதல் பட்டமோ வணிக நிர்வாகம். சி.ஜி.பி.ஏ. என்னும் சராசரிப் புள்ளி நாலுக்கு 2.38. அந்த 2.38-ஐ நான் யாரிடமும் சொல்வதில்லை.

என்னிடம் அந்த 1,800-ஐ வாங்கிய ஆளிடம் மட்டும் சொன்னேன். 2023 தீபாவளிக்கு முன்னால், பிரிக்ஃபீல்ட்ஸில் பந்தல் கடைகள் போட்டிருந்த நேரம். கல்வி ஆலோசகர் என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனால் வாய்க்கு வாய் அக்கா.

“2.38-ஆ? எந்த யூனிவர்சிட்டியும் எடுக்காது அக்கா. எங்ககிட்ட அதெல்லாம் பார்க்க மாட்டாங்க, உங்க அனுபவத்தைத்தான் பார்ப்பாங்க. சர்ட்டிபிகேட் கையில வந்த அடுத்த மாசமே வேல்யுவேஷன் ரிப்போர்ட்ல நீங்க சைன் பண்ணலாம்.”

இந்தக் கடைசி வாக்கியம் பொய் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 2.38-ஐக் கேட்டு முகம் சுளிக்காத முதல் ஆள் அவர். நம்ம ஆள், நம்ம பாஷை, நெற்றியில் திருநீறு. அப்புறம் என்ன, மூளையைக் கழற்றி அந்தப் பந்தல் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பிரசுரம் வழவழப்பான தாளில் நன்றாகவே அச்சடித்திருந்தார்கள். மேலே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர். அதன் கீழே ஆர்.ஐ.சி.எஸ். சிங்கத் தலை முத்திரை. 1868-இல் லண்டனில் தொடங்கிய நில அளவையாளர் அமைப்பு அது. சொத்துத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சிங்கத்தைப் பார்த்தாலே கொஞ்சம் மரியாதை வரும். நடுவில் தடித்த எழுத்தில் “அங்கீகரிக்கப்பட்ட முதுகலை”. யார் அங்கீகரித்தது, எதற்காக அங்கீகரித்தது என்று ஒரு வரி கிடையாது. அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு நீளமான எண். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எண் இருக்கிறது, அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும்!

ஆலோசகருக்கு 1,800. அவர் சேர்த்துவிட்ட தனியார் கல்லூரிக்கு மொத்தக் கட்டணம் 16,500, மூன்று தவணை. இரண்டு தவணை, தவணைக்கு 5,500 வீதம், கட்டினேன். நேர்காணல் கிடையாது. பரிந்துரைக் கடிதம் யாரும் கேட்கவில்லை. பட்டச் சான்றிதழைக்கூட போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மூலத்தைப் பார்க்கவே இல்லை.

2024 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை, கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முதல் நாள் 14 பேர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வரும் ஒரு தம்பி எப்போதும் எனக்கு முன்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டியதாகச் சொன்னான்.

விரிவுரையாளரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அந்த ஒப்பீட்டு முறை வகுப்பை மறக்க முடியவில்லை. ஒரு வீட்டின் மதிப்பைக் கணக்கிட, அதே மாதிரி வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்ப்பதுதான் ஒப்பீட்டு முறை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வீடு விற்கும் ஒரு இணையதளத்தைத் திரையில் திறந்து, செந்தூலில் ஒரு கொண்டோவுக்குப் போட்டிருந்த மூன்று விளம்பரங்களை எடுத்தார். மூன்று விலையையும் கூட்டினார், மூன்றால் வகுத்தார். 5,20,000 வெள்ளி. “இதுதான் சந்தை மதிப்பு” என்று கீழே கோடு போட்டார்.

நான் கையைத் தூக்கினேன். “சார், இது கேட்கிற விலை. விற்ற விலை இல்லையே. இதே பிளாக்கில் போன மாசம் நானே 4,55,000-க்கு முடித்துக் கொடுத்தேன்.” உண்மையில் விற்ற விலை சொத்து மதிப்பீட்டுத் துறையின் பதிவுகளில் இருக்கும், வேல்யுவர்கள் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “அகடமிக்குக்கு இது போதும்” என்றார்.

இன்னொரு நாள், 99 வருஷக் குத்தகையில் 58 வருஷம் மிச்சமிருக்கும் வீட்டை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டேன். நம் ஊரில் தினமும் வரும் பிரச்சினை இது. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பல வீடுகளைப் பெயர் மாற்ற முடியாது, மிச்ச வருஷம் குறையக் குறைய வங்கியும் இழுத்தடிக்கும். அவர் காட்டிய ஸ்லைடுகளில் இங்கிலாந்தின் நிலப்பதிவுச் சட்டம் இருந்தது. நம்முடைய 1965 தேசிய நிலச் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. ஸ்லைடின் இடது மூலையில் எதையோ வெள்ளைக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். கட்டம் சரியாகப் பொருந்தாமல் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதமும் அந்த இரண்டு எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஆறு பேர்தான் வந்தோம். அந்த மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஆய்வேடு எழுத நேரமில்லாதவர்கள் 2,500 வெள்ளி கட்டினால் ‘உதவி’ கிடைக்கும் என்றார். தலைப்பையும் அவர்களே தருவார்களாம். இதைக் கேட்டும் நான் எழுந்து போகவில்லை. கட்டிய 11,000 நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது.

குட்டு உடைந்தது ஊழியர் சேமநிதியான ஈ.பி.எஃப். கவுண்டரில். மூன்றாம் தவணைக்குக் கல்விக்கென்று என் சேமிப்பிலிருந்து எடுக்கலாம் என்று, பிரசுரத்தையும் சேர்க்கைக் கடிதத்தையும் கொண்டு போனேன். சேமநிதியின் இரண்டாம் கணக்குக்கு செஜாத்ரா கணக்கு என்று புதிதாகப் பெயர் மாற்றியிருந்த நேரம், நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் எதையோ தட்டினார், மறுபடி தட்டினார், திரையை என் பக்கம் திருப்பினார். “காக், புரோக்ராம் நி தக் அடா.” அக்கா, இந்தப் படிப்பே இல்லை. பிறகு பேனா நுனியால் பிரசுரத்தின் அடியில் இருந்த எறும்பு எழுத்தைத் தொட்டு, இது டிப்ளோமா எண் மாதிரி இருக்கிறதே என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். தனியார் கல்லூரிப் படிப்புகளின் ஒப்புதல் எண்ணில் சாய்கோடுகளுக்கு நடுவே ஒற்றை இலக்கம் ஒன்று வரும். அது படிப்பின் நிலை. 4 என்றால் டிப்ளோமா, 6 என்றால் இளங்கலை, 7 முதுகலை, 8 முனைவர். என் பிரசுரத்தில் இருந்தது 4. மலேசியத் தகுதி முகமை, அதுதான் நாம் எம்.கியூ.ஏ. என்று சொல்வது, அதன் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதில் கல்லூரியின் பெயரைப் போட்டேன். வணிக டிப்ளோமா ஒன்று வந்தது, அதே எண்ணோடு. மாஸ்டர்ஸ் எதுவும் வரவில்லை. டிப்ளோமாவின் எண்ணை எடுத்து மாஸ்டர்ஸ் பிரசுரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. வீடு வாங்க வருகிறவர்களிடம் நான் எட்டு வருஷமாகச் செய்யச் சொல்லும் அதே வேலை.

மறுநாள் வாரியத்துக்குப் போன் செய்தேன், அவர்கள் ஏற்றுக்கொண்ட படிப்புகளில் இது இல்லை. ஆர்.ஐ.சி.எஸ். பட்டியலிலும் இல்லை, சிங்கம் சும்மா அலங்காரம். வருமான வரியில் மாஸ்டர்ஸுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு என்று ஆலோசகர் சொன்னது மட்டும் உண்மை. ஆனால் அதற்கும் அரசு ஏற்றுக்கொண்ட இடத்தில் படித்திருக்க வேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டபோது, படிப்பு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையது, அதற்கு எம்.கியூ.ஏ. தேவையில்லை என்றார்கள். இங்கே வகுப்பெடுத்து இங்கே பணம் வாங்கினால் தேவைதான். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ஆலோசகரின் எண் அதற்குள் அணைந்திருந்தது. அவர் கொடுத்த ரெசிட்டில் இருந்தது கல்லூரியின் பெயரே இல்லை, ஏதோ ஒரு எண்டர்பிரைஸ்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். போராங் 1 என்னும் படிவத்தை நிரப்பி ஐந்து வெள்ளி கட்டினால் போதும், லாயர் வேண்டாம். நான் கொண்டு போனவை பிரசுரம், ரெசிட்டுகள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, எம்.கியூ.ஏ. பதிவேட்டின் பக்கம். அந்த 4-ஐ மஞ்சள் மையால் வட்டமிட்டிருந்தேன். விசாரணை தொடங்குமுன்னே கல்லூரியிலிருந்து வந்தவர் வெளியே கூப்பிட்டுப் பேசினார். 7,500 வெள்ளி, ஐந்து தவணையாகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு, தீர்ப்பாயத்தின் முன்னால் எழுதிக் கொடுத்தார்கள். நான் பிடிவாதமாக நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அசதியாக இருந்தது. மூன்று தவணை வந்திருக்கிறது. ஆலோசகருக்குக் கொடுத்த 1,800 போனது போனதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. தனியாகக் கேட்டும் பயனில்லை.

எனக்கு இன்னமும் ஆறாதது பணம் இல்லை, அந்த 2.38. பிறகு ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். மாஸ்டர்ஸுக்கு 2.50 கேட்பார்கள், அது சரி. ஆனால் 2.00-க்கு மேல் இருந்தால் பல்கலைக்கழகம் தனியாக மதிப்பீடு செய்து சேர்த்துக்கொள்ள வழி உண்டு. என் எட்டு வருஷ அனுபவம் அங்கேதான் உதவியிருக்கும். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்: முதல் பட்டம் சொத்துத் துறையில் இல்லாதவர்கள், இந்த மாஸ்டர்ஸை மட்டும் வைத்துப் பயிற்சி மதிப்பீட்டாளராகப் பதிய முடியுமா என்று வாரியத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு சேருங்கள், நாங்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். தன் இடத்தையே நம்பாதே என்று சொன்ன அந்த மனுஷியை எனக்கு உடனே பிடித்துப்போனது. விண்ணப்பித்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலின் சான்றளித்த பிரதி, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், எல்லாம் கேட்டார்கள். கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது.

கிள்ளான் தம்பி இன்னும் புகார் செய்யவில்லை. வெட்கம். “விடுங்கக்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க” என்கிறான். நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அவனுடைய போராங் 1-ஐ நானே நிரப்பி வைத்திருக்கிறேன், அவன் கையெழுத்தும் ஐந்து வெள்ளியும்தான் பாக்கி. முதல் நாள் அந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்த மற்ற 12 பேரில் யாராவது இதைப் படித்தால், எனக்கு எழுதுங்கள். 2024 ஜனவரியில் கட்டியவர்களுக்கு மூன்று வருஷக் கெடு 2027 ஜனவரியோடு முடிகிறது.