மலையில் வாசிக்க மாண்டோசெல்லோ: பழைய கிப்சனா, அந்தச் சாயலில் புதிய கைவேலையா?

மாண்டலின் குடும்பத்தின் தாழ்சுருதி வாத்தியமான மாண்டோசெல்லோவை உதகையிலோ கொடைக்கானலிலோ வைத்து வாசிக்கப்போகிறவருக்கு நான் சொல்வது புதியதைத்தான். சமவெளிக்காரர் கேட்டால் இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானவை தெரிந்ததே: நான்கு ஜோடித் தந்தி, சி-ஜி-டி-ஏ சுருதி, மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் கீழே. வளைவாகச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகையும் அப்படியே. ஒலியை மட்டும் பார்த்தால் அமெரிக்க கிப்சன் கம்பெனியின் பழைய மாடலான கே-4, நல்ல நிலையில் இருந்தால், ஒரு படி மேல். நூறாண்டு காய்ந்த பலகையில் சி தந்தி எழுப்பும் அந்த ஆழம் புதியதில் முதல் நாளே கிடைக்காது. வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும்.

ஆனால் மலையில் தீர்ப்பு சொல்வது ஈரப்பதம். இந்த வாத்தியங்களுக்கு 45 முதல் 55 சதவீதம் உகந்தது. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிட்டால் 90-ஐத் தாண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஹீட்டரோ கணப்போ எரியும் அறையில் சரசரவென்று இறங்கும். ஈரத்தில் மேல்பலகை உப்பி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கும், தந்தி உயர்ந்து விரல் வலிக்கும். காய்ந்தால் பலகை தாழும், தந்தி, விரற்பலகையின் குறுக்குக் கம்பியான பிரெட்டில் உரசி இரையும். 22 முதல் 74 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) செட்டைப் போட்டால் எட்டுத் தந்தியும் சேர்ந்து நெக்கை, அதாவது கழுத்தை, இழுப்பது 200 பவுண்டுக்கு மேல். அதனால் நெக்கும் கூடவே வளையும்.

புதியதில் இதற்கு வழி உண்டு. முதல் பிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரு தந்தியை அழுத்திப் பிடித்து 7-வது பிரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் போதும். கூடினால், நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, மறுநாள் மறுபடி அளக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் ராடின் மரை போய்விடும். பிறகு பிரிட்ஜின் சக்கரத் திருகு: தந்தியைத் தளர்த்திவிட்டுத் திருப்பி, 12-வது பிரெட்டில் சி தந்தி 2.5, ஏ தந்தி 2 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி வைக்கலாம்.

கிப்சன் நெக்குக்குள் டிரஸ் ராட் வந்ததே 1920-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய கே-1, கே-4 நெக் வளைந்தால் சூடு கொடுத்து அழுத்தி நிமிர்த்த வேண்டும், அல்லது பிரெட்டுகளைப் பிடுங்கி விரற்பலகையை இழைக்க வேண்டும். இரண்டுமே தேர்ந்த கைக்கான வேலை. வாத்தியம் மலை இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியிலும் ஆபத்து இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள், நூறாண்டு ஈரம் பார்த்த தோல் பசை இளகி இணைப்பு பிரியலாம்.

பழைய பிளாஸ்டிக் வகையான செல்லுலாய்டு இன்னொரு தொல்லை. மேல்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பழைய பிக்கார்டின் ஓரம் வெல்லக்கட்டி போல் உதிர்கிறதா, கேஸைத் திறந்ததும் கற்பூர வாடையோடு மூக்கைக் குத்தும் நெடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து கிளம்பும் வாயு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தந்தி முனையைப் பிடிக்கும் டெயில்பீஸிலும் தந்தியிலும் பச்சை பூக்க வைக்கும். பிக்கார்டைக் கழற்றித் தனியே, காற்றோட்டமாக வைப்பதே வழி.

எதை வாங்கினாலும் கேஸுக்குள் டிஜிட்டல் ஈரமானி வேண்டும். அது சரியா என்று பார்க்க, லேசாக நனைத்த உப்புடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். வாத்தியத்தை வெளிச்சுவரில் மாட்டவே கூடாது, மலைவீட்டுச் சுவர் ஈரம் கசியும்.

மறுவிற்பனையில் பழையதுதான் மதிப்பைக் காக்கும். ஆனாலும் நம் ஊரில் மாண்டோசெல்லோ தேடி வருபவர் அரிது. பழகிப் பார்க்க மட்டும் என்றால், ஆறு தந்தி ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிட்டாரை மாண்டோசெல்லோவாக மாற்றிக்கொள்வது மலிவு. தலையில் இன்னும் இரண்டு முடுக்கிக்குத் துளை, தலைப்பக்கம் தந்தி உட்காரும் புது நட், எட்டுத் தந்தி டெயில்பீஸ் எல்லாம் போட்டால் போதும்.

புதியதற்குச் சொல்லிவைக்கும்போது, இருபுறமும் வேலை செய்யும் டிரஸ் ராட், அதன் இரு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை, தலைப்பக்கத்திலிருந்தே ராடைத் திருப்பும் வசதி ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தந்தி நீளம் 25 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். 27 என்றால் சி தெளிவாகும்தான்; அதே தந்தியில் இழுவிசை ஆறில் ஒரு பங்கு ஏறும், இடக்கை விரலும் எட்டாது.