லெக்சருக்கு எழுத்துகளைப் படித்துத் தருதல்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு நிரல்மொழிக்குப் பார்சர் (நிரலின் இலக்கண அமைப்பைப் பகுத்தறியும் பகுதி) எழுத உட்காருபவர்கள் இலக்கண விதிகளைப் பற்றி நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். மூலக் கோப்பிலிருந்து அடுத்த எழுத்தை எடுத்து, எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி போன்ற அலகுகளாகப் பிரிக்கும் லெக்சரிடம் தரும் சிறிய செயற்கூறையோ ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் டோக்கனின் உரை எங்கே இருக்கும், எத்தனை எழுத்து முன்னோக்கிப் பார்க்கலாம், பிழைச் செய்தியில் உரிய வரியைக் காட்ட முடியுமா என்பனவற்றைத் தீர்மானிப்பது அந்தச் செயற்கூறுதான். சி மொழியில் லெக்சர் எழுதுவோர் கையாளும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாவது, 'கெட்சி' செயற்கூறால் ஒவ்வோர் எழுத்தாக வாங்கி, ஒன்றைக் கூடுதலாகப் படித்துவிட்டால் 'அன்கெட்சி'யால் திருப்பிக் கொடுப்பது. கோப்பு, பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி), விசைப்பலகை என எதிலிருந்து வந்தாலும் இது வேலை செய்யும் என்பதே இதன் பலம். ஒவ்வோர் எழுத்துக்கும் வட்டுவரை போய்வருவதால் இது மெதுவானது என்று சிலர் சொல்வது சரியன்று. தரநிலை நூலகம் தனக்குள்ளேயே ஒரு பஃபரை, அதாவது மொத்தமாகப் படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியை, வைத்திருக்கிறது. லினக்ஸ் போன்ற போசிக்ஸ் இயங்குதளங்களில் உண்மையான செலவு, நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகள் ஒரே கோப்பைத் தொடக்கூடும் என்பதற்காக ஒவ்வோர் அழைப்பிலும் போட்டு எடுக்க வேண்டிய பூட்டுதான். 'கெட்சி' திருப்பித் தரும் மதிப்பை முழு எண் வகையான இன்ட் மாறியில் வாங்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு பைட் மட்டுமே கொள்ளும் சார் மாறியில் வாங்கினால், சார் குறியுடையதாக (எதிர்ம எண்களையும் ஏற்பதாக) இருக்கும் கணினியில் 255 மதிப்புள்ள பைட் கோப்பின் முடிவாகத் தெரியும். குறியற்றதாக இருக்கும் கணினியில் முடிவே வராது, நிரல் சுழன்றுகொண்டே இருக்கும்.

இந்த வழியின் பெரிய குறை, முன்னோக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. 'அன்கெட்சி' மூலம் ஓர் எழுத்தைத் திருப்பித் தருவதற்கு மட்டுமே சி தரநிலை உத்தரவாதம் அளிக்கிறது. பாஸ்கல் மொழியில் 1..10 என்ற வீச்சை எடுத்துக்கொள்வோம். 1 என்ற இலக்கத்துக்குப் பின் புள்ளியைக் கண்டதும், இது பதின்ம எண்ணாக இருக்கலாம் என்று லெக்சர் அடுத்த எழுத்தையும் படிக்கிறது; அதுவும் புள்ளியாக இருப்பதால், எண் 1 என்பதோடு முடிந்துவிட்டது என்று அறிந்து இரண்டு புள்ளிகளையும் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. சில நூலகங்களில் இது நடந்துவிடும், சிலவற்றில் நடக்காது. அப்படிப்பட்ட நடத்தையின்மேல் ஒரு மொழியை நிறுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மேல், டோக்கனின் உரையை எழுத்தெழுத்தாக வேறோர் இடத்தில் நகலெடுக்கவும், புதுவரி எழுத்தைத் திருப்பித் தரும்போது வரி எண்ணையும், வரியில் எத்தனையாவது எழுத்து என்ற எண்ணையும் பின்னோக்கி நகர்த்தவும் வேண்டும்.

இரண்டாவது வழி, நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் பிறந்த இரட்டைப் பஃபர். ஒரு பாதியில் லெக்சர் நடக்கும்போது மறுபாதி நிரப்பப்படும். ஒவ்வொரு பாதியின் இறுதியிலும் மூல உரையில் வராத ஒரு காவல் எழுத்து வைக்கப்படும். பஃபர் முடிந்ததா, வந்த எழுத்து எது என்று எழுத்துக்கு இரண்டு சோதனைகள் செய்வதற்குப் பதிலாக ஒன்றே போதும் என்பது அழகான உத்தி. ஒரு பாதியைவிட நீளமான சரமோ குறிப்புரையோ வந்தால்தான் கணக்குக் குழம்புகிறது. லெக்சரைத் தானே உருவாக்கித் தரும் ஃப்ளெக்ஸ் கருவி ஒரே பஃபரை வைத்துக்கொண்டு, முடியாத டோக்கனை அதன் தொடக்கத்துக்கு நகர்த்தி, இடம் போதாவிட்டால் பஃபரைப் பெரிதாக்கிச் சமாளிக்கிறது. தமிழ்ச் சரங்களைக் கையாள்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். பஃபரின் எல்லை அவற்றுக்கு நடுவே விழுந்தால், எழுத்தைப் பிரித்தறியும் நிரல்பகுதி பாதி எழுத்தோடு நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி, கடைசியில் ஒரு பூஜ்ஜிய பைட்டைச் சேர்ப்பது. கோப்பாக வரும் மொழிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. டோக்கன் என்பது ஒரு தொடக்க இடமும் ஒரு நீளமும் மட்டுமே. நகலெடுக்கும் வேலை இல்லை. பூஜ்ஜியமே காவல் எழுத்தாக நிற்பதால், இடமிருந்து வலமாகச் சோதித்துப் பொருந்தாத இடத்தில் நிறுத்தும்வரை எவ்வளவு தொலைவும் அச்சமின்றி முன்னோக்கிப் பார்க்கலாம். பூஜ்ஜியம் கோப்பின் நடுவிலேயே வந்தால், சுட்டி (நினைவக இடத்தைக் குறிக்கும் முகவரி) உண்மையான முடிவில் நிற்கிறதா என்று அப்போது மட்டும் ஒப்பிட்டால் போதும். வரி எண்ணையும் ஒவ்வோர் எழுத்திலும் கணக்கிட வேண்டியதில்லை. பிழை நேர்ந்த பிறகு தொடக்கத்திலிருந்து புதுவரிகளை எண்ணிக்கொள்ளலாம், அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டவும் செய்யலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. விண்டோஸில் கோப்பை உரை முறையில் திறந்தால் இரண்டு பைட் வரியிறுதிகள் ஒன்றாகச் சுருங்குவதால், கோப்பின் அளவை நம்பாமல், படித்த செயற்கூறு தந்த எண்ணிக்கைக்குப் பின்னேதான் பூஜ்ஜியத்தை வைக்க வேண்டும். பைப்பின் அளவு முன்கூட்டியே தெரியாது என்பதால், அங்கே பஃபரை இரட்டிப்பாக்கிக்கொண்டே படிக்க வேண்டும்.

நான்காவதான 'எம்மேப்' முதற்பார்வையில் மூன்றாவதைவிட மேலானதாகத் தோன்றும்: நகலே இல்லாமல் கோப்பு நேரடியாக நினைவக முகவரியில் தெரிகிறது. கோப்பு, பக்கத்தின் (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் அலகின்) நடுவில் முடிந்தால் மீதி இடத்தை இயங்குதளம் பூஜ்ஜியங்களால் நிரப்புகிறது. காவல் எழுத்து இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் பக்க அளவு 4096 பைட்டாக இருந்து, கோப்பின் அளவும் சரியாக அதன் மடங்காக அமைந்துவிட்டால், முடிவுக்கு அடுத்த பைட் உங்களுடையதன்று. அதைத் தொட்டால் நிரல் செத்துவிடலாம். ஆயிரம் கோப்புகளில் ஒழுங்காக ஓடிவிட்டு என்றோ ஒருநாள் விழும் இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சி தொகுப்பியான கிளாங் பயன்படுத்தும் எல்எல்விஎம் நூலகம், பூஜ்ஜிய முடிவு தேவைப்படும்போது பக்க மடங்குக் கோப்புகளை இவ்வழியில் ஏற்றாமல் சாதாரணமாகவே படித்துக்கொள்கிறது; சிறிய கோப்புகளுக்கும் அப்படித்தான். தொகுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது கோப்பைச் சுருக்கிச் சேமித்தாலும் நிரல் நின்றுவிடக்கூடும். சில பத்துக் கிலோபைட் மூலக் கோப்புகளுக்கு இவ்வளவு ஆபத்தை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை.

பயனர் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்யும் ஊடாட்ட முனையத்தில் மட்டும் மூன்றாம் வழியை அப்படியே பயன்படுத்த முடியாது, ஏனெனில் உள்ளீடு முடியும்வரை காத்திருந்தால் பதிலே வராது. அங்கே ஒரு முழு வரியைப் படித்து பஃபரில் சேர்த்து, அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தால் அடுத்த வரியையும் அதன் பின்னே ஒட்டிக்கொள்ளலாம். லெக்சரின் உட்பகுதியை மாற்ற வேண்டியதில்லை. பஃபர் பெரிதாகும்போது அது நினைவகத்தில் வேறிடத்துக்கு நகர்ந்துவிடக்கூடும் என்பதால், டோக்கனில் சுட்டியைச் சேமிக்காமல், பஃபரின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணைச் சேமியுங்கள். நான்கு பைட் எண் ஒன்றே 4 ஜிபி வரையிலான உள்ளீட்டுக்குப் போதும். 64 பிட் கணினியில் அது ஒரு சுட்டியின் அளவில் பாதிதான்.